செபத்தில் கடல் இல்லை

விண்ணுக்கு ஒரு சொல் இருக்கிறது அந்தச் செபத்தில்,
மண்ணுக்கு ஒரு சொல்.
கடலுக்கு இல்லை.
நாலு வருசமாய் இதைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன்,
முந்தானையில் முடிந்த காசு மாதிரி
யாருக்கும் காட்டாமல்.

உம்முடைய சித்தம் கரையோடு சரி, ஆண்டவரே.
கரையில் நான் ஒழுங்கு.
பூசைக்கு மணியடிக்கும் முன்னே போய்ப் பாய் விரிப்பேன்.
தவக்காலத்தில் கவுச்சி தொடமாட்டேன்.
சாமியார் கேட்டால் மைக்கில் வாசகம்கூட வாசிப்பேன்.
முட்டளவு தண்ணீர் தாண்டினால்
அவரவர் மூச்சு அவரவர்க்கு.

சின்னப்பாலத்திலிருந்து இருட்டோடு வத்தை ஏறுவோம்
பதினொரு பொம்பளைகள்.
பழஞ்சேலையைக் கிழித்து விரலுக்கு விரல் சுற்றி,
தகரம் வைத்துத் தைத்த செருப்பு போட்டு,
கண்ணாடி மாட்டி.
குருசடித் தீவுக்கு இந்தப் பக்கம் பார்.
பிரகாசியும் வருவாள்.
அவள் ஒரு முனை, நான் ஒரு முனை.

சொல்லிவிடுகிறேன்.
போன தையில் பாசியைப் பிடித்துவைத்துக்கொண்டு
காக்கிச்சட்டை பேர் கேட்டபோது
தன் பேருக்கு என் பேரைச் சொன்னவள் அவள்.
என் பேர், என் அய்யா பேர், கதவு நம்பர்,
ஒன்றும் பிசகாமல்.
அபராதம் என் வீடு தேடி வந்தது.
தோடு இன்னும் அடகுக்கடையில்.
காதில் வேப்பங்குச்சி.

மன்னிக்கிற வரி வரும்போது
சபையோடு வாயை அசைப்பேன், சத்தம் விடமாட்டேன்.
ஒட்டி நிற்கிற என் மகள் ஜெனோவாவுக்கே தெரியாது.
உமக்குத் தெரியும்.

அமாவாசைக்கு மறுநாள்.
நீவாடு தெற்கே இழுத்தது.
மூச்சு வாங்க மேலே வந்தால்
ஒரு சாக்கு போய்க்கொண்டிருக்கிறது,
கயிறு அறுந்து, தெர்மாகோல் மிதவையோடு,
தனக்கு வீடு தெரியும் என்பதுபோல.
முக்கால் சாக்கு மரிக்கொழுந்துப் பாசி.
வாயைக் கட்டியிருந்த நீல நைலான் அவளுடையது.
அவள் அடியில் இருந்தாள்,
குதிகால் மட்டும் வெளுப்பாய்த் தெரிந்தது.
வேறு யாரும் பார்க்கவில்லை.

செபத்தில் கடல் இல்லையே, என்றேன்.
நீர் ஒன்றும் சொல்லவில்லை.
வாசகம் வாசிக்கிறவள் பொய் சொல்லக்கூடாது:
குரல் என்று எதுவும் கேட்கவில்லை,
காதுக்குள் தண்ணீர்தான் இரைந்தது.
ஆனால் புயலை அதட்டினவரிடம் போய்க்
கடல் உம்ம கணக்கில் வராது என்று
வாதாடிக்கொண்டிருப்பது
எனக்கே சிரிப்பாய் இருந்தது.
கோபமும் இருந்தது.
கோபத்தோடுதான் நீந்தினேன்.

போகும்போது நீவாடு தள்ளிவிட்டது.
வரும்போது எதிர்.
கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறி
பாதி வழி கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.
காலுக்கடியில் ஒரு திருக்கை
மணலை உதறிவிட்டு நகர்ந்தது.
என் சாக்கு பாரில் கட்டினது கட்டினபடி,
கால்வாசிகூட நிறையாமல்.

பிரகாசி மேலே வந்தாள்.
என் கையைப் பார்த்தாள்.
"திருடுறியாடி?"
மிச்ச ஒன்பது பேருக்கும் கேட்டது.

நான் வாயைத் திறக்கவில்லை.
பொறுமை என்று நினைக்கவேண்டாம், மூச்சு இரைத்தது.
சாக்கை நீட்டினேன்.
வாங்கித் தூக்கிப் பார்த்தாள்,
இரண்டு பிடி குறைகிறதோ என்று.

கீழ்ப்படிந்தால் உள்ளே குளிரும் என்று
சாமியார் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார்.
எனக்குப் பல்தான் கிட்டியது.
வத்தை திரும்பும்போது பாலத்தில் ரயில் போனது.
சன்னலில் ஒரு பிள்ளை கையாட்டியது.
நான் ஆட்டவில்லை.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுச் செபம்.
அந்த வரி வந்தது.
சத்தமும் வந்தது, கரகரத்து,
நடுவில் இருமல் வெட்டி.
"உப்புத்தண்ணி குடிச்சியாம்மா?" என்றாள் ஜெனோவா.
ஆமா என்றேன்.

கடைசியில் ஆமென் சொல்லவேண்டும்.
பெரிய சொல். அந்த அளவுக்கு எனக்கு இன்னும் வரவில்லை.
"சரி" என்றேன்,
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.
நாளைக்கும் அவள் வருவாள்.
நாளைக்கும் நீவாடு தெற்குதான்.