தேதி இல்லாத பொருள்

எட்மண்டன் பேருந்துகளில் மறந்துபோனவை எல்லாம்
என்னிடம் ஒரே சரமாக வந்து சேர்ந்தன.
பழைய கணினியின் ஒற்றைக் கட்டத்துக்குள்
பதினொரு மாதம், மூச்சு விடாமல்:
இடது கையுறை, இன்னோர் இடது கையுறை,
பனிச் சறுக்குக் காலணி, ஊன்றுகோல்
(இறங்கும்போது எப்படி நடந்தார்?),
சாதம் வடிக்கும் குக்கர், மூடி இல்லாமல்,
பல்செட்டு, மேல்வரிசை மட்டும்.
ஒவ்வொன்றையும் சுற்றி
கூர்முனைக் குறிகள், திறப்பும் மூடலுமாய்,
சில திறந்தபடியே.

எளிய வேலைதான் என்றார்கள்.
தனித்தனி வரி, தனித்தனி எண்,
தேடினால் கிடைக்க வேண்டும், திங்கட்கிழமைக்குள்.
பூக்கடையில் உதிரியைச் சரமாக்கினால் கூலி.
எனக்கு, சரத்தை உதிரியாக்கினால்.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
சர்வரில் நான் தீட்டிய கத்தி நாலே வரி:
கூர்முனை திறந்தால் வெட்டத் தொடங்கு,
கூர்முனை மூடும்வரை வெட்டு,
வெட்டியது குறி, தூக்கிப் போடு,
மிச்சம் இருப்பது பொருள்.

ஓட்டினேன். கண் சிமிட்டுவதற்குள் முடிந்தது.
இருநூற்றுப் பதின்மூன்று. கணக்குச் சரி.
காபி போடப் போனேன்.

திரும்பி வந்தால் சிவப்பில் ஒரு வரி.
எல்லாப் பொருளுக்கும் தேதி இருந்தது,
நூற்றுப் பதினேழாவதைத் தவிர:
'வெள்ளி மோதிரம், உள்ளே ஜே'
அவ்வளவுதான். முற்றுப்புள்ளிகூட இல்லை.

கிடங்கில் இருக்கும் டானா கார்டினலுக்கு ஃபோன் போட்டேன்.
டப்பாக்களை நகர்த்தும் சத்தம் கேட்டது.
"ஆமாம், இங்கேதான் இருக்கிறது.
ஜே, ஓர் இதயம், ஓ.
அப்படியே பார்த்துத்தான் தட்டினேன்.
இதயத்துக்கு என் கீபோர்டில் பட்டன் ஏது?
இடப்பக்கம் கூர்ந்த குறி, அப்புறம் மூன்று.
என் மகள் அப்படித்தான் அனுப்புவாள்."

ஜே <3 ஓ.

என் கத்திக்கு அது இதயமாகத் தெரியவில்லை.
குறி திறக்கிறது என்று பாய்ந்து
அடுத்த மூடல் வரும்வரை அறுத்திருக்கிறது:
இதயம் போயிற்று, ஓ போயிற்று,
எட்டாம் எண் பேருந்து, பின்இருக்கை,
மார்ச் பதினான்கு,
கண்டெடுத்துக் கொடுத்த பள்ளிப் பையன்,
எல்லாம் குப்பையில்.
தொலைந்த பொருளை
இரண்டாம் முறை தொலைத்தவன் நான்.
முதல் முறை தொலைத்தவராவது
தூக்கக் கலக்கத்தில் இருந்திருப்பார்.

நாலு வரியையும் அழித்தேன்.
வெட்டத் தெரிந்ததை விட்டுவிட்டு
வாசிக்கத் தெரிந்த ஒரு நூலகத்தைக் கூப்பிட்டேன்.
அது அவசரப்படவில்லை.
கூர்முனையைப் பார்த்ததும் நின்றது,
அடுத்து என்ன என்று எட்டிப் பார்த்தது:
எழுத்து வந்தால் குறி,
எண் வந்தால் யாரோ ஒருவர் சொன்ன பேச்சு,
இருக்கட்டும் என்று விட்டுவிட்டது.
இந்தப் பொறுமை எனக்கு
இரவு பதினொன்றே கால்வரை தோன்றவில்லை.

இப்போது நூற்றுப் பதினேழாவது வரி
திரையில் முழுசாக நிற்கிறது.
ஜே அங்கே, ஓ இங்கே,
நடுவில் படுத்துக் கிடக்கும் கோணல் இதயம்.

திங்கட்கிழமை தளம் திறந்தது.
மோதிரத்தைக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை.
பல்செட்டைத்தான் ஒருவர்
செவ்வாய் காலை முதல் ஆளாக வந்து
வாயைப் பொத்திக்கொண்டு வாங்கிப் போனாராம்.