மூன்று அழுத்து

வாழைச்சேனைக் கடதாசி ஆலையின் பின்மதிலில்
முதல் ஃ போட்டேன்.
மூன்று அழுத்து, ஓட்டம்.
ஸ்ப்ரே டின் மோட்டார்சைக்கிள் டாங்கிக்கு என்று
ஹாட்வெயார் றிஸ்மியிடம் பொய்.

உள்ளே, ஆலை விட்டுப்போன அட்டையில்
டிலக்சன் தலைகீழாய்ச் சுழல்வான்,
ஜெனுசன் வாயால் பீட் அடிப்பான்,
என் கை அதுக்கு ஆடும்.

மறுகா ஒரு ராத்திரி பொலிஸில்:
"இது எந்த இயக்கத்துட சின்னம்?"
எழுத்து சேர். அரிச்சுவடியில் கிடக்கு.
அடி விழுந்தது மூன்று. எண்ணினேன்.

இப்போது சலூன் ஷட்டர், ஆட்டோ முதுகு,
ஃபோன் கம்பனிக்கு நாற்பதடிச் சிரிப்பு.
கொட்டேஷன் கேட்கிறார்கள், கொடுக்கிறேன்.

போன கிழமை பிரதேச சபை வேலை:
ஆலை மதிலுக்கு வெள்ளை.
இரண்டு புள்ளியை மூடினேன்.
மூன்றாவதுக்குப் பெயின்ட் முடிந்தது.
முடிந்தது என்றுதான்
பில்லில் எழுதியிருக்கிறேன்.