அளவெடுப்பவன்

ஊலு நகரத்து மருத்துவமனையில்
நான் டாக்டர் இல்லை.
சக்கர நாற்காலிக்கு இருக்கை செய்பவன்.
வளைந்த முதுகுக்கு வளைந்த நுரை,
சாய்ந்த இடுப்புக்கு ஒருபக்கம் உயர்ந்த மெத்தை.

ஹெல்காவுக்கு ஏழு வயது.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளக்கிறேன்.
வெதுவெதுப்பான அச்சு முதுகில் படும்போது
மூக்கால் ஓர் ஒலி எழுப்புவாள்.
சிரிப்பு என்கிறாள் அம்மா.
மூச்சு என்கிறது கோப்பு.

நவம்பரில் கூட்டம். மூன்று மணிக்கே இருட்டு.
அளவுத்தாளோடு என்னையும் வரச் சொன்னார்கள்.
மேசையைச் சுற்றி ஒன்பது பேர்,
யாரும் தொடாத ஏலக்காய் ரொட்டி.
வளர்த்தியை நிறுத்த மருந்து,
கருப்பையை எடுக்க ஒரு காலைப்பொழுது.
"ஒன்றும் தெரியாது அவளுக்கு, மயக்கத்தில் இருப்பாள்"
என்றார் ஒருவர்.
மற்ற நேரத்தில் என்ன தெரியும் என்று
யாரும் கேட்கவில்லை.
கேள்வி மட்டும் அறையில் இருந்தது.

ஹெய்னி உட்கார்ந்தபடியே பேசினாள்,
முதுகில் இரண்டு வட்டு நழுவியவள்.
"என்னால் தூக்க முடியாத நாளில்
பட்டியலைப் பார்த்துப் பெயர் சொல்பவர்கள்
என் பிள்ளையைத் தூக்குவார்கள்.
சின்னவளாகவே இருந்தால்
ஏரிக்கு வருவாள். சவுனாவில்
என் மடியில் இருப்பாள்."

நெடுநேரம் யாரும் பேசவில்லை.
பிறகு வில்யா, வழக்கறிஞர்,
தன் நாற்காலியை மேசையோரம் நகர்த்தினாள்.
"நானும் கனத்தேன் என்றுதான் சொன்னார்கள்.
தூக்கும் கருவி கேட்டு
நகராட்சிக்கு நான்கு வருடம் எழுதினோம்.
பிள்ளையை வெட்டுவது
நகராட்சியைவிடச் சீக்கிரம் முடியும். அவ்வளவுதான்."

"நாங்களும் நான்கு வருடம் எழுதினோம்,"
என்றான் யார்க்கோ.
அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, ரொட்டியைப் பார்த்து.

என் முறை வந்தது. உயரம்?
நூற்றுப் பதினான்கு.
வளைவை நிமிர்த்தினால்?
நிமிர்த்தியதில்லை என்றேன்.
நிமிர்ந்த ஹெல்கா எங்கும் இல்லை,
அவளுக்கு அளவும் இல்லை.
குறித்துக்கொண்டார்களா தெரியாது.

வெள்ளிக்கிழமை முடிவு சொல்வார்கள்.
இன்று செவ்வாய். பட்டறையில்
அவளுடைய புது இருக்கைக்கு நுரை அறுக்கிறேன்.
எப்போதும் ஓரத்தில் இரண்டு விரல் விடுவேன்,
வளரும் பிள்ளையின் பாவாடையில்
உள்மடிப்பு விடுவதுபோல.
கத்தி சூடேறிவிட்டது.

விட்டேன்.
அதிகமானால் பஞ்சு வைத்து அடைக்கலாம்,
அறுத்ததை ஒட்டவைக்க முடியாது.

இதை ஒரு வாக்காக எண்ண வேண்டாம்.
எனக்கு வாக்கில்லை.
இரவில் மூன்று முறை எழுந்து
அவளைத் திருப்பிப் படுக்கவைப்பவனும்
நானில்லை.