இரும்புக் கோல்

என் பையில் எப்போதும் கிடப்பவை:
ஒரு முறுக்குச் சாவி, வெள்ளை டேப்,
இரண்டு கண்ணாடிக் கோப்பை,
பிளக்கில் செருகினால் பயம் காட்டும்
அந்தச் சின்னப் பெட்டி.

வெள்ளவத்தையில் நாலு வீடு, பாமன்கடையில் இரண்டு.
எந்தக் குசினியானாலும் செய்வது ஒன்றுதான்.
இடது கோப்பையில் குழாய்த் தண்ணீர்,
வலது கோப்பையில் கம்பெனித் தண்ணீர்.
பெட்டியின் கால்களை இரண்டிலும் இறக்கி
சுவிட்சைப் போட்டால்
முப்பது விநாடியில் இடப்பக்கம்
பழுத்து, பிறகு கறுத்து,
கஞ்சல் மிதக்கும்.
"ஐயோ, இதையா குடிச்சம்?" என்று
யாராவது வாயில் கை வைப்பார்கள்.
நான் அப்போது பேசக் கூடாது.
பத்து வரை எண்ணு, என்றார்கள் பயிற்சியில்,
பிறகு தவணைக் காசைச் சொல்லு.

தெமட்டகொடை. மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை.
பில்லில் ரிஃப்கா என்று எழுதினேன்.
ஏழு மாத வயிறு,
ஆஸ்பத்திரி லேப் அட்டை இன்னும் கழுத்தில்.
கறுத்த கோப்பையை அவள் பார்க்கவில்லை,
பெட்டியின் கால்களைத்தான் பார்த்தாள்.
பிறகு டப்பாவைத் திறந்து
ஒரு கிள்ளு உப்பெடுத்து
கம்பெனித் தண்ணீரில் போட்டாள்.
"இப்பப் போடுங்க சுவிட்ச."

முப்பது கூட ஆகவில்லை,
எங்கள் தண்ணீரும்
கான் தண்ணீரின் நிறத்துக்கு வந்தது.
"கரையிறது ஒங்கட கம்பி.
எங்கட தண்ணி இல்ல."

ஆறு வருடம்.
எத்தனை குசினியில் என் இரும்பைக் கரைத்து
களனி கங்கையின் தலையில் போட்டிருப்பேன்.
தெரியாது என்று சொல்ல மாட்டேன்.
தேய்ந்த கோலைக் கழற்றிப் புதிது போடுவது நான்தானே.
தேய்ந்தது எங்கே போனதென்று
கேட்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

எழும்பப் பார்த்தேன். அவள் பிளேன்டி வைத்தாள்.
"சும்மா கூப்பிடல்ல நான்.
இந்த பில்டிங்கிட பைப் எந்தக் காலத்ததோ.
ஈயம் இருந்தா ஒங்கட பில்டர் புடிக்குமா?"

தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது வீதம்
என்று மட்டையில் அச்சடித்திருக்கிறது.
எதில் என்று இல்லை.
"தெரியா," என்றேன்.
ஒரு கஸ்டமரின் முன்னால்
முதல்முறை அந்தச் சொல்.

ஈயத்துக்கு நிறமில்லை, மணமில்லை.
கொதித்தாலும் போகாது,
தண்ணீர் ஆவியாகும், அது அடியில் தங்கும்:
சீனியைக் கலக்கியபடி சொன்னாள்,
யாருக்கோ ரிப்போர்ட் வாசிப்பதைப் போல.

எனக்குக் கேத்தல் ஞாபகம் வந்தது.
கிராண்ட்பாஸில் எங்கள் வீட்டில் பில்டர் இல்லை,
விற்கிறவனுக்கு விலை கட்டாது.
பெர்னடெற் விடிய அடுப்பை மூட்டுவாள்.
நல்லாக் கொதிக்கட்டும், இன்னும் கொதிக்கட்டும்
என்று நான்தான் சொல்வேன்,
மகனின் ஸ்கூல் போத்தலுக்கு.

ரிஃப்கா வாங்கவில்லை.
மூடியோடு இரண்டு போத்தல் எடுத்து
ஒன்றை என் பக்கம் தள்ளினாள்.
"ராவு முழுக்க தொறக்காத குழாயிட
முதல் தண்ணி வேணும்.
காசு மூலகத்துக்கு மூலகம் வேற.
எத தேடுறதெண்டு முதல்ல யோசிங்க."

அன்று இன்னும் இரண்டு வீடு இருந்தது.
பெட்டியை வெளியே எடுத்தாயா என்று கேட்காதீர்கள்.
எடுத்தேன்.
ஒன்று விற்றது.

விடியக் காலை நாலு மணி.
எங்கள் வரிசைக்கே ஒரு குழாய்.
சிசில் அண்ணன் ஐந்தரைக்கு முகம் கழுவ வருமுன்
பிடித்துவிட வேண்டும்.
போத்தலை லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன்.
அழகாயிருந்தது தண்ணீர்.
இதைப் போட்டோ எடுத்தால்
கம்பெனி விளம்பரத்துக்குக் கொடுக்கலாம்.

உள்ளே ஷெவோன் எழும்பிவிட்டான்.
"தண்ணி, டடா."
கேத்தலில் இருந்தது நேற்றுக் கொதித்தது.
கையைக் கேத்தல் வரை கொண்டுபோய்
எடுத்துக்கொண்டேன்.
கோப்பையோடு மறுபடி குழாயடிக்கு வந்து
திறந்து ஓடவிட்டேன்.
பத்து வரை எண்ணினேன்.
பிறகு
இன்னும் பத்து.