பத்து நிமிடம் நாற்பது நொடி

எதெரி முதல்முறை வந்தபோது கையில் ஒரு பை.
பையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, மாற்றிக்கொள்ள இன்னொரு சட்டை.
"கல்லறைக்கு ஒரு படம் வேண்டும்" என்றாள்.
யாருடைய கல்லறைக்கு என்றேன்.
"என்னுடையதுக்குத்தான், நுக்சார். வேறு யாருக்கு?"

எங்கள் சியாதுராவில்
செத்தவர்களைக் கறுப்புக் கல்லில் பொறித்துவைப்பார்கள்.
தோள்வரை. சிலரை முழு உயரத்துக்கு.
சிகரெட்டோடு சிலர்,
தன் லாரியோடு ஒருவர்.
பொறிப்பவன் வேறு ஆள். படம் என் பொறுப்பு.
பிள்ளைகள் அவசரத்தில் எதையாவது கொண்டுவருவார்கள்:
கல்யாணக் கூட்டத்திலிருந்து வெட்டியெடுத்த முகம்,
கன்னத்தோரம் யாருடைய தோளோ ஒட்டியிருக்கும்.
அந்தத் தோள்களைச் சுரண்டி அழித்தே
ஒரு குளிர்காலம் முழுக்கச் சாப்பிட்டிருக்கிறேன்.

"என் மகனை நம்ப முடியாது.
அவனுக்கு என் மூக்கு பிடிக்காது."

உட்கார வைத்தேன். அசையாதீர்கள் என்றேன்.
முப்பத்தோரு வருடம் ரோப் கார் ஓட்டியவள்,
பள்ளத்தாக்கின் மேல் கம்பியில் ஆடி ஆடியே
சம்பளம் வாங்கியவள்.
கழுத்தை நிறுத்தினால் கால் ஆடியது.
காலை நிறுத்தினால் சிரிப்பு வந்தது.
கல்லில் பல் சரியாக விழாது என்றேன்.
அதற்கும் சிரித்தாள்.

அடுத்த மார்ச்சில் மறுபடி வந்தாள்.
"போன வருடத்துப் படம் பழசாகிவிட்டது.
முடியைச் சிவப்பாக்கியிருக்கிறேன், பார்."
கறுப்புக் கல்லில் சிவப்பு தெரியாதே.
"எனக்குத் தெரியுமே."

இப்படி ஏழு படங்கள்.
மூன்றாவதில் மூக்குக் கண்ணாடி.
நான்காவதில் இல்லை, கண்ணுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது.
ஐந்தாவதில் கோபம். காரணம் சொல்லவில்லை.
ஆறாவதில் அவள் தோள்மேல் ஒரு கை,
மாங்கனீஸ் சுரங்கத்தில் வெடிவைக்கும் வாலிகோவின் கை,
நகக்கண்ணெல்லாம் கறுப்பு.
பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன், அழித்துவிடட்டுமா என்று.
"தொட்டுப் பார்" என்றாள்.

அந்த வாரம் மழை. கடைக்கு ஆள் வரவில்லை.
உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.
இருபத்தாறு வருடத்தில் எண்பதாயிரம் படம், கூடக்குறைய.
ஒவ்வொன்றுக்கும் நொடியில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு.
கூட்டிப் பார்த்தால் பத்து நிமிடம் நாற்பது நொடி.
ஒரு முட்டை அவித்து உரிக்கிற நேரம்.
அதுவும் என்னுடையதில்லை:
ஷட்டர் திறக்கும்போது உள்ளே இருக்கும் கண்ணாடி மேலெழும்பி
என் கண்ணை மறைத்துவிடும்.
இத்தனை பேர் முகமும் விழுந்த அந்தப் பத்து நிமிடமும்
நான் இருட்டில் நின்றிருக்கிறேன்.

ஏழாவதைக் கொடுக்க அவள் வீட்டுக்கே போனேன்.
இருவரும் ஒரே ரோப் காரில். பாதி வழியில் மின்சாரம் போனது.
கீழே க்விரிலா, மை கொட்டிய மாதிரி.
நான் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.
அவள் மடியில் துணி விரித்து ரொட்டியைப் பிய்த்தாள்.
ஜன்னலில் பக்கவாட்டாக வெயில்.
எந்த விளக்கை எங்கே வைத்தும்
எனக்குக் கிடைக்காத வெயில், அவள் மூக்கின் மேல்.
கை தானாகக் கேமராப் பைக்குப் போனது.
"முதலில் சாப்பிடு" என்றாள்.
சாப்பிட்டேன். கட்டியில் உப்பு தூக்கல்.
வாலிகோவைத் திட்டினாள், என் செருப்பைக் கேலி செய்தாள்,
காற்றுக்குப் பெட்டி ஆடும்போதெல்லாம்
கூடவே ஆடினாள்.
நாற்பது நிமிடமோ என்னவோ. கணக்கு வைக்கவில்லை.

இறங்கும்போதுதான் பார்த்தேன்,
படத்தின் உறையில் என் எண்ணெய்க் கை பதிந்திருந்தது.
மாற்றித் தருகிறேன் என்றேன்.
அதற்குள் அவள் பாதிப் படி ஏறியிருந்தாள்.