மறுகா?

புத்தகம் நூற்றுப் பதினெட்டுப் பக்கம்.
போனில் யாரும் சும்மா பார்க்கலாம், இருபது.
நாவல்காரனுக்கு இருபது பக்கம் வாசற்படி.
கதைக்காரிக்கு அது வீட்டின் பாதி.

இருப்பதில் நல்லதை முன்னுக்கு வை என்றார்கள்,
வைத்தேன்.
ஏழாம் பக்கம் தொடங்கிப் பதினேழில் முடிகிறது அந்தக் கிணற்றுக் கதை,
ஒரு முற்றுப்புள்ளி குறையாமல் இலவசம்.

தயிர்க்காரர் சட்டியைத் திறந்து காட்டுவார்,
கேட்டால் உள்ளங்கையில் கொஞ்சம் விடுவார்.
ஆடையை வழித்துத் தெருவுக்கெல்லாம் ஊட்டிவிட்டு
அடிச்சட்டிக்கு விலை சொல்வதில்லை
களுவாஞ்சிகுடிச் சந்தையில் எவரும்.

கொழும்புக்கு எடுத்துக் கேட்டேன்.
"அது விளம்பரம் அக்கா" என்றார் பதிப்பகத்துத் தம்பி.
"ஆயிரத்து நானூறு பேர் பார்த்திருக்கிறாங்க."
எத்தனை விற்றது?
"லைன் கிளியர் இல்ல அக்கா."

ஆயிரத்து நானூறில் ஒருவர் மருந்துக்கடை யோகானந்தன்.
என் பிரஷர் குளிசையை எண்ணிப் போட்டபடி
"உங்கட புத்தகம் வாசிச்சன், நல்லாரிக்கி" என்கிறார்.
எந்தக் கதை?
"அந்தக் கிணத்துக் கதைதான். ஒண்டுதானே?"
பன்னிரண்டு கதை.
முந்நூறு பிரதி அடிக்க வைத்த இரண்டு காப்பும்
இன்னும் வங்கியில்.
குளிசைக்குக் காசைக் கொடுத்தேன்.
மிச்சத்தைச் சதம் பிசகாமல் எண்ணித் தந்தார், நல்ல மனிசன்.

பதினெட்டில் இரண்டாவது கதை தொடங்குகிறது.
நேசம்மா குருமண்வெளித் துறையில் பாதைக்கு நிற்கிறாள்.
கையில் சீலைப் பையில் புருஷனின் சேர்ட்,
பதினாறு வருடமாய்த் தோய்க்காதது.
பாதை புறப்படுகிறது. மண்டூர்க் கரை இன்னும் தூரம்.
நடு வாவியில் அவள் எழும்பி,
கம்பியைப் பிடித்து,
சேர்ட்டை உதறி விரித்து

அங்கே வெட்டு.
கீழே சின்ன எழுத்தில்: தொடர்ந்து வாசிக்க வாங்குங்கள்.

வாங்குகிறார்கள் இல்லை, கேட்கிறார்கள்.
கந்தோருக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்க வந்த பிள்ளை,
கல்முனை பஸ்ஸில் பக்கத்துச் சீட்,
ஒரு செத்த வீட்டில் பந்தலுக்குக் கீழே
கதிரையை இழுத்துக்கொண்டு வந்து ஒருத்தர்:
"மறுகா?"
மறுகா எழுநூற்றைம்பது ரூபாய் என்று
நாக்கு நுனிவரை வரும்.
செத்த வீடு. விழுங்கினேன்.

போன புதன் மண்டூருக்கு ஒரு கந்தோர் வேலை.
பாதையில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற பொடியன்
என்னை இரண்டு தரம் பார்த்தான்.
பெயர் வினோபன், கோழித்தீன் ஏஜென்ட்,
கிழமைக்கு நாலு தரம் இந்தத் தண்ணீரைக் கடக்கிறவன்.
நானே முந்திக்கொண்டேன்,
பையில் பிரதி இருக்கு தம்பி, வேணுமா?

"வேணாங்கா.
அவ இஞ்சதான் நிக்கிறா.
நடுவுக்கு வந்தா நான் அந்தக் கம்பியத்தான் பார்க்கிற,
சேர்ட்ட விட்டிருவாவோ, உடுத்திருவாவோ,
அவவும் குதிச்சிருவாவோ எண்டு.
என்ன நடந்த எண்டு சொல்லிப்போடாதீங்க."

அப்போது நாங்கள் நடு வாவியில்.
கம்பியில் துரு.
ஒரு நீர்க்காகம் முங்கிய இடம் மட்டும் அசைந்தது.

இருபத்தோராம் பக்கத்தில் நேசம்மா அழுகிறாள்.
சேர்ட்டை மடிக்கிறாள்.
கரை வருகிறது.
அவ்வளவுதான்.
அதற்கு எனக்கு மூன்று மாதம் பிடித்தது.
தமிழ் ஒரு எழுத்துத் தெரியாத கத்தரி,
இருபது வரைக்கும் எண்ண மட்டும் தெரிந்தது,
ஒரு நொடியில் வெட்டின இடம்
என்னுடையதைவிட நல்ல இடம்.

இதை யாருக்குச் சொல்ல?

இரவு கட்டிலுக்குக் கீழே பெட்டியை இழுத்தேன்.
ஒரு பிரதியில் அந்தத் தாளை மட்டும்
அடிமட்டம் வைத்துக் கிழித்துப் பார்த்தேன்.
மற்றது இருநூற்றுப் பத்து
வேப்பிலையோடு அப்படியே கிடக்கிறது.

விடிய கொழும்புக்கு எடுப்பேன்.
உடனே நிறுத்து என்பேன், கத்துவேன்,
வேண்டுமானால் பத்துப் பக்கம் காட்டு என்பேன்.
பத்தாம் பக்கத்தில்
கிணற்றுக்குள் வாளி இறங்கிக்கொண்டிருக்கும்.