நானூறு மீட்டர்

பிரஸ்ஸல்ஸ். கூட்டம் தொடங்க இன்னும் அரைமணி.
நீள்மேசையில் கொடிகளை நிறுத்துகிறார்கள்,
பென்சில் உயரக் கொடிகள்.
உறுப்பு நாடுகள் அகர வரிசையில்.
எங்கள் ஐந்து சிலுவை
கடைசியில், தண்ணீர் ஜாடி ஓரம்.
அதன் கால் சரியில்லை, ஆடுகிறது.
காகிதம் ஒன்றை நாலாய் மடித்து
அடியில் கொடுக்கிறேன்.
மொழிபெயர்ப்பாளரின் வேலை இல்லைதான்.

பதினோரு வருடமாக
ஜார்ஜியனுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே
நான் வாயால் சுமந்த சரக்கு இது:
மதிப்புமிக்க பங்காளி.
கதவு திறந்தே இருக்கிறது.
உங்கள் கவலையை உன்னிப்பாகக் கவனித்து வருகிறோம்.
தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்வேன்.
பங்காளிக்குப் பங்கு எவ்வளவு என்ற வாக்கியம் மட்டும்
எனக்கு வாய்த்ததில்லை,
இரண்டு பக்கமும் யாரும் கேட்காததால்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து
என்பதைத் தலைகீழாய்ப் படித்தவர்கள் நாங்கள்.
படைக்கு முந்தினோம்.
எங்களைவிடப் பெரிய நாடுகள்
எங்களைவிடச் சின்னப் படைகளோடு வந்திருந்தன.
பந்தியில் இன்னும் இலை விழவில்லை.
இலை நறுக்கப் போயிருக்கிறார்கள்,
வந்துவிடுவார்கள்.

என் தம்பி பத்ரி ஹெல்மாண்டில் வெளிவாசல் காத்தான்.
உள்வாசல் வேறு நாட்டுக்காரர்களுடையது.
நீளக் கோலில் கட்டிய கண்ணாடியை
லாரிகளின் வயிற்றுக்கடியில் நீட்டிப் பார்ப்பான்.
தர்பூசணி லாரி, சிமென்ட் லாரி,
மறுபடியும் தர்பூசணி லாரி.
அவன் இடது முழங்காலுக்குக் கீழே
இப்போது ஜெர்மன் தயாரிப்பு.
இல்லாத பாதம் மழைநாளில் அரிக்கிறது என்பான்.
மெடலும் வந்தது.
பெட்டிக்குள் வைத்திருந்த பஞ்சு நல்ல பஞ்சு.

அக்டோபரில் தூதுக்குழு எங்கள் பக்கம் வந்தது.
கோரிக்கு வடக்கே, ஆப்பிள் பறித்து ஓய்ந்த தோட்டங்கள்,
ஆறு கறுப்புக் கார்கள்,
அதற்குமேல் சாலை போகாது என்கிற இடத்தில் பத்ரியின் வீடு.
தலைவர் திருமதி ஹாலெவெய்ன்
கையுறையைக் கழற்றிவிட்டுக் கைகொடுத்தார்.
அது எனக்குப் பிடித்தது.
பிறகு கம்பிவேலிப் பக்கம் பார்த்துக் கேட்டார்:
"கோடு இங்கிருந்து எவ்வளவு தூரம்?"

பத்ரி என்னிடம் திரும்பினான்.
"எந்த ராத்திரிக் கணக்கைக் கேட்கிறார், லம்சிரா?
வசந்தத்தில் பச்சைப் பலகை மோட்டாருக்கு அப்பால் இருந்தது.
ஆகஸ்டில் ஒரு காலை எழுந்து பார்த்தால் இப்பால்.
இப்போது மோட்டார் அந்தப் பக்கம்,
சுவிட்ச் இந்தப் பக்கம்.
தினமும் போடுகிறேன்.
சில நாள் தண்ணீர் வருகிறது.
இதையும் சொல்."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.
"சுமார் நானூறு மீட்டர்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?
விருந்தாளி வந்த நேரத்தில்
கூரை ஒழுகுவதைக் காட்டக் கூசுமே, அது ஒன்று.
எண் கொடுத்தால்தான் எழுதிக்கொள்வார்கள்
என்று தெரிந்த பழக்கம் இன்னொன்று.
திருமதி ஹாலெவெய்ன் எழுதிக்கொண்டார்.
பத்ரிக்கு ஆங்கிலம் தெரியும்,
வெளிவாசலில் கற்ற ஆங்கிலம்:
நில். இறங்கு. கையைத் தூக்கு.
எண்களும் தெரியும்.
என்னைப் பார்த்தான். திருத்தவில்லை.
விருந்தினருக்கு ஆப்பிள் எடுத்துவரப் போனான்,
ஒரு கால் அழுத்தியும்
ஒரு கால் அழுத்தாமலும்.

அறிக்கையில் நானூறு மீட்டர் என்றே அச்சானது.
பங்காளியின் தோளோடு தோள் நிற்பதாகவும்.
அந்தத் தாளை வெட்டி, பத்ரி
சுவிட்ச் பெட்டிக்குள் ஒட்டியிருக்கிறான்.
ஈரம் இறங்காமல் இருக்கவாம்.

கொடியின் காலுக்குக் கொடுத்த காகிதம்
இன்னும் அங்கேயே இருக்கிறதா, தெரியவில்லை.
அடுத்த கூட்டம் மார்ச்சில்.

நேற்று ராத்திரி போன் செய்தான்.
"முந்நூற்று எழுபது" என்றான்,
எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல்.